சுவரில் பூசணம் – குற்றம் யாருடையது?



நான் எழுத்தாளன் அல்லன். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு இரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கோவில்பட்டி. மாப்பிள்ளைக்குக் கார் நிக்கோபாரில் அரசுப் பணி. மகளும் வேலைக்குப் போகிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் என் மனைவியும் அனுமதிச் சீட்டு வாங்கி, கப்பல் ஏறி இங்கே வந்தோம். நம் சங்கப் பத்திரிகையில் பொங்கல் விழாவையும் பட்டிமன்றத்தையும் பற்றிப் பலர் நன்றாக எழுதுகிறார்கள். நான் எழுத வந்திருப்பது சுவரில் பூக்கும் பூசணத்தைப் பற்றி. இதற்கு ஒரு கட்டுரையா என்று சிரிக்க வேண்டாம். இந்தப் பூசணத்தால் என் வீட்டில் ஒரு குழந்தைக்கு மூச்சு இளைத்தது, ஒரு பெண் கண்ணீர் விட்டாள். அந்தக் கண்ணீருக்குக் காரணம் நான்தான்.

வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். மழைக்காலம். படுக்கை அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்திருந்தது. பீரோவைத் திறந்தால் குப்பென்று நாற்றம். என் மனைவியின் பட்டுப் புடவை மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மகளின் பள்ளிச் சான்றிதழ்களில் பச்சைத் தூள். நான் மகளைக் கூப்பிட்டு, “வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா? உன் அம்மா இப்படியா குடும்பம் நடத்தினாள்?” என்று கேட்டுவிட்டேன். அவள், “தினமும் துடைக்கிறேன்ப்பா, திரும்பத் திரும்ப வருதுப்பா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களைக் கேளுங்கள். முதலில், கறுத்த இடத்தின் மேலேயே பெயிண்ட் அடித்தேன். மூன்று வாரத்தில் பெயிண்ட் கொப்பளித்து, அதன் மேலும் பூசணம் வந்தது. மறுபடி சுரண்டி மறுபடி அடித்தேன். சுரண்டிய தூள் அறை முழுக்கப் பறந்தது. அன்று இரவிலிருந்து பேத்திக்கு இருமல். நெஞ்சில் விசில் போலச் சத்தம். மூன்றாவதாகச் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். குளியலறைச் சுவரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பூசினேன். சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று அதன் மேலேயே கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஊற்றினேன். சில நொடிகளில் கண் எரிந்து, தொண்டை அடைத்து, மூச்சு முட்டி வெளியே ஓடி வந்து விழுந்தேன். இவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-இல் முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. அதை நான் நாலடிக்கு ஐந்தடிக் குளியலறையில் தயாரித்திருக்கிறேன்! கதவு திறந்திருந்ததால் பிழைத்தேன்.

பேத்தியை டாக்டரிடம் காட்டினோம். அவர் மருந்து எழுதுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் சுவர் ஓதம் உண்டா?” என்பதுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க ஓதத்தோடு போராடிய இன்ஜினியர் நான். கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை, டாக்டர் கேட்டார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தண்டவாள வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. பாதைக்கு முதல் எதிரி வண்டியின் பாரம் அன்று, தேங்கும் தண்ணீர். பாதை ஓர் இடத்தில் அமுங்கினால் மேலே ஜல்லியைக் கொட்டிச் சமன் செய்துவிட்டுப் போகக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த மழையில் மறுபடி அமுங்கும். அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது, ஏன் வடியவில்லை என்று பார்க்க வேண்டும். நோயின் காரணத்தை முதலில் தேடு என்று வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். நான் பெயிண்ட் அடித்தது, அமுங்கிய பாதையில் ஜல்லி கொட்டிய கதைதான்.

பூசண விதைகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. அவற்றை ஒழிக்க யாராலும் முடியாது. அவற்றுக்குத் தீனியும் எங்கும் உண்டு: காகிதம், பஞ்சு, தோல், மரம், பசை, சுவரில் படிந்த தூசி கூடப் போதும். நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, ஈரம். ஈரம் இல்லாவிட்டால் பூசணம் முளைக்காது. ஆகவே பூசணத்தைப் பார்த்தால் “யார் துடைக்கவில்லை?” என்று கேட்பதை விட்டு, “தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்க வேண்டும்.

நான் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு இரண்டு நாள் விட்டேன். தாளுக்கு உள்பக்கம் நீர் கோர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நீர் கோர்த்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் உள்பக்கம் நீர் கோர்த்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் பாதியில் உடைந்து, மழைத் தண்ணீர் அத்தனையும் அந்தச் சுவரின் மேலேயே வழிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, யாரோ செடி வைப்பதற்காகச் சுவரோரம் மண்ணை அணைத்து, அது உள்தரை மட்டத்துக்கு மேலே உயர்ந்திருந்தது. என் மகள் உள்ளே நின்று ஆயிரம் முறை துடைத்தாலும் அந்தச் சுவர் எப்படிக் காயும்?

கோவில்பட்டியும் கார் நிக்கோபாரும்

வரைபடத்தைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கோவில்பட்டியும் கார் நிக்கோபாரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஊர் வறண்ட கரிசல் பூமி. அந்த வறட்சியால்தான் அங்கே தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. குச்சியும் மருந்தும் தானே காய்ந்துவிடும். அதே தீப்பெட்டியை இங்கே அலமாரியில் ஒரு வாரம் வைத்தால் நமுத்துப் போகிறது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஆயிரம் மில்லிமீட்டரை எட்டுவதில்லை. இங்கே அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே இந்தத் தீவை நனைக்கின்றன. மழை விட்ட நாளிலும் கடற்காற்றில் ஈரமும் உப்பும் உண்டு.

நாம் ஊரை விட்டு வந்தாலும் ஊரின் பழக்கங்கள் நம்மோடு வந்துவிடுகின்றன. பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறோம். துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப் போடுகிறோம். கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து சன்னலை மூடி வைக்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைக்கிறோம். கரிசல் காட்டில் இவை எதுவும் தவறில்லை. இங்கே ஒவ்வொன்றும் பூசணத்துக்குச் சோறு போடுவதுதான். ஒரு வாளி ஈரத்துணி அறைக்குள் காய்கிறது என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சுவருக்கும் மெத்தைக்கும்தான் போகிறது.

ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீராக மாறத் தொடங்கும். நீங்கள் அறையை 20 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டு, மின்சாரம் போனதும் சன்னலைத் திறந்தால் வெளிக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வேர்க்கும். மின்விசிறியும் அளவான குளிர்ச்சியும் போதும்.

இந்த மண்ணின் மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிக்கோபாரியரின் பழைய வீடு தேன்கூடு போல வட்டமாக இருக்கும். ஆள் உயரக் கம்பங்களின் மேல் தூக்கிக் கட்டியிருப்பார்கள். புல் வேய்ந்த கூரை. பட்டைகளை இடைவெளி விட்டுப் பரப்பிய தரை. கீழிருந்து காற்று ஏறிக்கொண்டே இருக்கும். மண் ஈரம் வீட்டைத் தொடாது. கொப்பரையை உலர்த்திப் பிழைக்கும் மக்களுக்கு ஈரத்தின் குணம் தெரியாதா? சரியாகக் காயாத கொப்பரையில் பூசணம் பிடிக்கும் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி இந்தத் தீவின் கரையோர ஊர்களைத் துடைத்துக்கொண்டு போனது. அதன் பிறகு மக்கள் தகரக் கொட்டகைகளில் தங்கினார்கள். பின்னர் நிரந்தர வீடுகள் வந்தன. உயிர் தப்பியவர்களுக்கு உறுதியான வீடு தேவை என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. பழைய குடிசைக்கு எல்லாரும் திரும்ப வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அடுப்புப் புகையும் நெஞ்சுக்குக் கெடுதிதான். ஆனால் சிமெண்டிலும் தகரத்திலும் கட்டும்போது அந்தப் பழைய வீட்டின் பாடத்தை, தரையை மண்ணிலிருந்து பிரித்து காற்றுக்கு வழி விடுவதை, நாம் மறந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

பழி எங்கே விழுகிறது?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வீட்டில் பூசணம் வந்தால் பழி யார் மேல் விழுகிறது? எப்போதும் பெண்ணின் மேல்தான். விருந்தாளி வருகிறார் என்றால் கறுத்த சுவருக்கு முன்னால் காலண்டரை மாட்டி மறைக்கிறோம். “அந்த வீட்டுக்காரிக்குச் சுத்தம் போதாது” என்ற பேச்சுக்குப் பயந்து யாரும் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காததால் உடைந்த குழாயும் ஒழுகும் கூரையும் அப்படியே இருக்கின்றன.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அன்று. இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சுத் திணறி இறந்தது. வெளிநாட்டிலிருந்து குடியேறிய குடும்பம். வாடகை வீட்டில் பூசணம் இருக்கிறது என்று தந்தை பலமுறை புகார் செய்திருந்தார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். குடும்பத்தின் வாழ்க்கை முறையே காரணம் என்றும் பழி சொன்னார்கள். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, நீண்ட காலம் வீட்டுப் பூசணத்தைச் சுவாசித்ததால்தான் குழந்தை இறந்தது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அந்நாட்டின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர், ஓதத்துக்கும் பூசணத்துக்கும் குடியிருப்பவரின் வாழ்க்கை முறையைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று அறிக்கை வெளியிட்டிருந்தார். 2023-இல் சட்டம் வந்தது. அதில் ஒரு பிரிவு அந்தக் குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 2025 அக்டோபர் முதல், அங்கே சமூக வீடுகளை வாடகைக்கு விடும் அமைப்புகள் ஆபத்தான ஓதம் பற்றிப் புகார் வந்தால் குறித்த நாட்களுக்குள் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு என் பெயிண்ட் டப்பாதான் நினைவுக்கு வந்தது. நானும் மேலே பெயிண்ட் அடித்தேன். நானும் வீட்டுக்காரியைக் குற்றம் சொன்னேன். டாக்டர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நாங்களும் எங்கே போய் நின்றிருப்போமோ!

என்ன செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா போன்ற தொல்லைகள் அதிகம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் நாம் கேட்டுப் பயந்த ‘கறுப்புப் பூஞ்சை’ நோய் வேறு. அது பெரும்பாலும் சர்க்கரை கட்டுப்படாதவர்களையும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களையும் தாக்கியது. சுவரில் கறுப்பாக இருப்பதெல்லாம் அது என்று நடுங்க வேண்டாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருப்பதால் பரவாயில்லை என்றும் விட்டுவிட வேண்டாம். நிறம் எதுவானாலும் அகற்ற வேண்டியதே.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். குழாய், கூரை ஆணித் துளை, சுவரோர மண், குளியலறைக் கசிவு எல்லாவற்றையும் பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வேலையைத் தொடங்கினால் காசும் உழைப்பும் வீண். மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து எது நனைந்தாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பூசணம் முளைத்துவிடும்.

பிறகு சுத்தம் செய்யுங்கள். பூசணம் பிடித்த பரப்பு மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நாமே செய்யலாம். அதைவிடப் பெரிதானால் விவரம் தெரிந்தவரை அழைப்பது நல்லது. குழந்தைகள், முதியவர்கள், இளைப்பு நோய் உள்ளவர்கள் அப்போது வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அறைக்கதவை மூடி, வெளிச் சன்னலைத் திறந்து வையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி மூன்றும் வேண்டும். காய்ந்த பூசணத்தைச் சுரண்டவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது; தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். சோப்புத் தண்ணீரால் நனைத்து, தேய்த்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு நன்றாக உலர்த்துங்கள். பயன்படுத்திய துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். உள்ளே பூசணம் இறங்கிய மெத்தை, தலையணை, அட்டைப் பெட்டி ஆகியவற்றை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போட வேண்டியதுதான்.

பிளீச்சிங் அவசியம் இல்லை. செத்த பூசணமும் ஒவ்வாமை தரும்; அதைக் கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் தண்ணீரைத் தவிர வேறு எதனோடும், ஆசிட்டோடும் அம்மோனியாவோடும் கண்டிப்பாக, கலக்காதீர்கள். என் அனுபவம் போதும்.

சுவர் முழுதும் காய்ந்த பிறகே வண்ணம். சுவாசிக்காத பிளாஸ்டிக் பெயிண்டைவிட, நம் தாத்தா காலத்துச் சுண்ணாம்பு வெள்ளையடிப்பை நான் விரும்புகிறேன். அது சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன் காரத்தில் பூசணம் எளிதில் முளைக்காது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளையும் புத்தகங்களையும் காற்றாடவிடுங்கள். சோற்று ஆவியும் வெந்நீர் ஆவியும் வெளியே போக வழி செய்யுங்கள். கொட்டும் மழையில் சன்னலைத் திறந்து வைத்தால் வீடு காயாது. மழை விட்டு வெயில் வரும்போது திறப்பதுதான் பலன்.

ஈரப்பதம் அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி. ஒரு தட்டில் கொஞ்சம் உப்பை வைத்து அறை மூலையில் வையுங்கள். சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்க்கத் தொடங்கும். கல்லுப்பு சற்று முன்னதாகவே நீர்க்கும். பூசணத்துக்குக் கொண்டாட்டமான அளவும் ஏறக்குறைய அதுதான். உப்பு நீர்த்திருக்கும் மூலையில் முதலில் கவனம் வையுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

“அரசுக் குடியிருப்பு, வாடகை வீடு, நாம் என்ன செய்ய முடியும்?” என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனி ஒருவர் போய்ச் சொன்னால், “எல்லா வீட்டிலும் இப்படித்தான்” என்ற பதிலே வரும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்றால் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டியதுதானே? குழாய் உடைந்திருக்கிறது, இந்தத் தேதியில் பார்த்தோம் என்று புகைப்படத்தோடு எழுத்தில் கொடுங்கள். சங்கம் மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறுப்பினர் வீடுகளின் கூரை, குழாய், வடிகால் மூன்றையும் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி, வீடு வீடாக இரவல் கொடுக்கலாம். பட்டிமன்றத்துக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்கு.

எங்கள் வீட்டில் குழாயைச் சரிசெய்து, சுவரோர மண்ணை வெட்டி இறக்கினோம். சுவர் காய இரண்டு மாதம் பிடித்தது. பேத்தி மருந்தும் எடுத்துக்கொள்கிறாள். இப்போது இரவில் விசில் சத்தம் இல்லை. மகளிடம், “தப்பு உன் மேல இல்லம்மா, குழாய் மேல. அதைப் பார்க்காத என் மேல” என்று சொன்னேன். அவள், “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சாப்பிட்டிருப்பேன்ல?” என்றாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் கறுப்பு தெரிந்தால் காலண்டரை மாட்டாதீர்கள். மனைவியையோ மருமகளையோ கூப்பிடுவதற்கு முன், குடையை எடுத்துக்கொண்டு மழையில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.